விழா மலரில் ஒரு ருமேனிய மந்திரி

திண்டிவனத்தில் நான் பாடம் நடத்திய கல்லூரியில் எதற்கெடுத்தாலும் விழா மலர் போடுவார்கள். வழவழப்பான தாள். முன்பக்கம் எல்லாம் வாழ்த்துச் செய்தி, பின்பக்கம் எல்லாம் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் அரிசி மண்டியும் கொடுத்த விளம்பரம். நடுவில் ஒப்புக்கு நாலைந்து கட்டுரைகள் இருக்கும். அந்தக் கட்டுரைகளை என்னைப் போன்ற தற்காலிக ஆசிரியர்கள்தான் எழுத வேண்டும். எழுத மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் ஜூன் மாதம் வேலை ஆர்டர் வராது. 

போன வருடம் கல்லூரித் தாளாளரின் அப்பாவுக்கு நூற்றாண்டு. அவர் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பெண்ணையாற்றுப் பாசனத்தில் பெரிய பண்ணை வைத்திருந்தார். கொஞ்ச காலம் ஒன்றியத் தலைவர். அப்புறம் ஒரு புத்தகமும் எழுதினார். தன் முன்னோர் எந்த ராஜாவோடு வந்தார்கள், எந்தக் குளத்தை வெட்டினார்கள் என்று அவரே அவர் குடும்பத்தைப் பற்றி எழுதிய புத்தகம். குளத்தை வெட்டியவர்கள் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அவர் முன்னோர் மண்வெட்டி பிடித்தது மாதிரியே எழுதியிருப்பார்.

முதல்வர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மேடம், பெரியவர் வெறும் சேர்மன் மட்டும் இல்ல. ஹிஸ்டாரியன். அதே மாதிரி ஃபாரின்ல ஒருத்தரப் புடிங்க. ஹிஸ்டாரியனாவும் இருக்கணும், மினிஸ்டராவும் இருந்திருக்கணும். கம்பேர் பண்ணி ஒரு கட்டுரை."

"எதுக்கு சார் ஃபாரின்? நம்ம ஊர்லயே இருக்காங்களே."

"நம்ம ஊர் ஆளப் போட்டா அவர் என்ன சாதின்னு பாப்பாங்க மேடம். ஃபாரின்காரன்னா யாருக்கும் தெரியாது பாருங்க. சேஃப்."

இதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு உடனே ஒருவர் ஞாபகம் வந்தார். எம்.ஃபில். படித்தபோது அடிமை ஒழிப்பு பற்றிப் படித்தேன். எல்லோரும் அமெரிக்காவைப் பற்றித்தான் பேசுவார்கள். ஐரோப்பாவிலேயே, ருமேனியாவில், போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. ரோமா மக்கள். ராஜாவுக்கும் அடிமை, மடத்துக்கும் அடிமை, நிலப்பிரபுவுக்கும் அடிமை. அங்கே பிறந்த ஒரு வரலாற்றாசிரியர்தான் அதை ஒழிக்கும் சட்டத்துக்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். அவருடைய பெயர் எங்கள் பக்கம் வாயில் நுழையாது. அதனால் நானும் வகுப்பில் 'அந்த ருமேனியர்' என்றுதான் சொல்வேன்.

அவர் நிலப்பிரபு வீட்டுப் பிள்ளை. அந்த மாதிரி வீடுகளில் அடிமைகள் இருப்பது நம் ஊர் வீடுகளில் உரல் இருப்பது போல. சின்ன வயதில் தன் ஊர்த் தெருவில் கையிலும் காலிலும் சங்கிலி போட்ட மனிதர்களைப் பார்த்ததைக் கிழவனான பிறகும் சொல்லியிருக்கிறார். சிலருக்கு நெற்றியைச் சுற்றி இரும்பு வளையமாம். பிரான்சிலும் ஜெர்மனியிலும் படித்தார். மீசை முளைக்கிற வயதிலேயே அந்த அடிமைகளைப் பற்றி பிரெஞ்சு மொழியில் ஒரு புத்தகம் எழுதி ஜெர்மனியிலேயே வெளியிட்டார். ஊருக்குத் திரும்பி, பழைய ஏடுகளை எல்லாம் தேடிப் பதிப்பித்தார். கல்லூரியில் நாட்டு வரலாறு நடத்தினார். ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. வகுப்பை நிறுத்தினார்கள். கொஞ்ச காலம் ஒரு மடத்தில் அடைத்து வைத்தார்கள். நாட்டை விட்டு ஓடினார், திரும்பி வந்தார். சட்டம் எழுதினார். பிறகு பிரதம மந்திரி ஆனார். விவசாயிகளுக்கு நிலம் கொடுக்கும் சட்டத்தை நிலப்பிரபுக்களின் சபை எதிர்த்தபோது, அவரும் அவருடைய ராஜாவும் சேர்ந்து அந்தச் சபையையே கலைத்தார்கள். பின்னாளில் வெளியுறவு மந்திரியாக நாட்டின் சுதந்திரத்தையும் அறிவித்தார்.

இதோடு நிறுத்தினால் மலருக்கு ஏற்ற ஆள். நான் நிறுத்தவில்லை. அடிமைகளை விடுவித்தபோது நஷ்டஈடு யாருக்குக் கொடுத்தார்கள் என்றும் எழுதினேன். அடிமையாக இருந்தவனுக்கு அல்ல, அடிமையை வைத்திருந்தவனுக்கு. விடுதலையான நிறைய பேருக்கு நிலம் இல்லை. எங்கே போவார்கள்? அதே முதலாளி வாசலுக்குத்தான் போய் நின்றார்கள். நிலம் வாங்கிய விவசாயிகள் பல வருடம் தவணை கட்டினார்கள். இன்னொன்றும் எழுதினேன். இதே மனிதர் உள்துறை மந்திரியாக இருந்தபோது கிராமங்களிலிருந்து யூதர்களைத் துரத்தினார். சங்கிலியைப் பார்த்துக் கலங்கிய கண்ணுக்கு, மூட்டை முடிச்சோடு ரோட்டில் நின்ற குடும்பங்கள் தெரியவில்லை. படித்தபோது எனக்கு அந்த ஆளின் மேலேயே அருவருப்பு வந்தது. அதையும் மறைக்காமல் எழுதினேன்.

எழுதும்போது ஒரு எண்ணம் இருந்தது. தாளாளர் படிப்பார், உறைக்கும் என்று நினைத்தேன். ஏனென்றால் அவருடைய அப்பாவின் பண்ணையில் ஆளாக இருந்தவர் என் அப்பா. எங்கள் காலனி இருப்பதே அவர்கள் நிலத்தில்தான். குடியிருந்தவனுக்கே மனை சொந்தம் என்று நான் பிறப்பதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு அது வரவில்லை. வீட்டைக் கட்டியது நாங்கள், மண் அவர்களுடையது. அரசாங்க வீட்டுக்கு மனு போட்டால் பட்டா எங்கே என்கிறார்கள். பட்டா கேட்டால் பண்ணை வீட்டுக்குப் போ என்கிறார்கள். என் அத்தை வீட்டுக் கூரை தார்ப்பாயோடு எத்தனை மழையைப் பார்த்ததோ.

தாளாளருக்கு உறைக்கவில்லை. சந்தோஷப்பட்டார். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பிரமாதம் மேடம்! அப்படியே எங்க அப்பாதான். பெரிய வீட்ல பொறந்து, ஆளுங்கள ஃப்ரீ பண்ணது. புல்லரிச்சுப் போச்சு."

"முழுசாப் படிச்சீங்களா சார்?"

"மொத ரெண்டு பக்கம் படிச்சேன். போதுமே." பக்கத்தில் நின்ற பண்ணை மேனேஜரைப் பார்த்தார். "யோவ், அப்பா ஃப்ரீ பண்ண ஆள்ல யாராவது உசுரோட இருக்கானா? மேடையில ஏத்தி ரெண்டு வார்த்தை சொல்ல வச்சா எப்படி இருக்கும்?"

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடத்தோட அப்பாவே இருக்காருங்களே."

நான் அந்தக் கல்லூரியில் யாரிடமும் என் ஊரையோ காலனியையோ சொன்னது கிடையாது. ஆனால் சேர்ந்த அன்றைக்கே எல்லோரும் விசாரித்து வைத்திருப்பார்கள். நம் ஊரில் சான்றிதழைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இதைப் பார்க்காமல் விட மாட்டார்கள்.

"அடடே! சொல்லவே இல்லியே மேடம். அப்ப விழா மேடையிலயே அவங்க தெருவுக்குப் பட்டா குடுத்துடறேன். அந்த ஃபாரின்காரர் சட்டம் போட்டாரு, நாங்க பட்டா குடுக்கறோம். எப்படி?"

அவர்கள் எங்கள் ஆட்களை விடுவித்த கதை இதுதான். பெரியவர் டிராக்டர் வாங்கினார். மறுநாள் களத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, இனிமேல் வரவேண்டாம் என்றார். அவ்வளவுதான். அந்த வருடம் அப்பா கரும்பு வெட்ட ஊர் ஊராகப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருக்கும் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிக் காலனிக்குப் போனேன். அப்பாவை எச்சரிக்கத்தான் போனேன். எனக்கு முன்னாலேயே அவர்களுடைய கார் வந்து போயிருந்தது. அப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டே மகன் கார் அனுப்பிச்சாரும்மா. மேடையில பேசணுமாம். நானும் சரின்னுட்டேன்."

அப்பாவுக்கு இன்னும் பண்ணையாரைக் கும்பிட்டுக் கூப்பிடும் 'ஆண்டே' என்ற வார்த்தை வாயை விட்டுப் போகவில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

"இன்னா பேசப் போற? உன்ன வாழ வச்ச தெய்வம்னா?"

"அவுங்களே சொல்லிக் குடுத்துட்டாங்க. 'ஐயாதான் எங்களுக்கு விடுதலை குடுத்தாரு.' அவ்ளோதான். கைல பட்டா குடுப்பாங்க."

"பொய் சொல்றதுக்கு வெக்கமா இல்லியா உனக்கு?"

"எனக்கு இன்னா வெக்கம்? சொல்லச் சொல்றவனுக்கு இருக்கணும்."

அத்தை அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினாள். "இவளுக்கு இன்னா, விழுப்புரத்துல மொட்ட மாடி வச்ச ஊட்ல உக்காந்துகினு பேசுவா! மழ பேஞ்சா நான்தான சட்டி வச்சிகினு முழிச்சிகினு கெடக்கறேன். யண்ணே, நீ போய்ப் பேசு. விடுதலைன்னு ஒரு தபா என்ன, ஒம்போது தபா சொல்லு. பட்டாவ மட்டும் ஜல்தியா வாங்கு."

கோபத்தோடு பஸ் ஏறினேன். சட்டப்படி தங்களுக்குச் சேர வேண்டியதை, நன்றி சொல்லி வாங்க வேண்டியிருக்கிறது. அதுவும் பொய்யான நன்றி.

மலர் வந்தது. என் கட்டுரையை வெட்டியிருந்தார்கள். நஷ்டஈடு இல்லை. நிலம் இல்லாமல் நின்றவர்கள் இல்லை. தவணை இல்லை. யூதர்கள் இல்லை. மந்திரி மட்டும் இருந்தார். கடைசியில் நான் எழுதாத ஒரு வரி: இந்த மாமனிதரின் மறுபதிப்பாக நம் மண்ணில் தோன்றியவரே நம் ஐயா. கீழே என் பெயர். அதற்கும் கீழே ஒரு உரக்கடை விளம்பரம். முதல்வரிடம் போய்க் கத்தினேன். "இடம் பத்தல மேடம், உரக்கடைக்காரர் அரைப் பக்கம் கேட்டார்" என்றார். இதை எப்படிச் சிரிக்காமல் சொல்ல முடிகிறது ஒரு மனிதனால்?

விழா கல்லூரி மைதானத்தில் நடந்தது. நுழைவாயிலில் பிளக்ஸ் பேனர். ஒரு பக்கம் பெரியவர், இன்னொரு பக்கம் ருமேனியர். அது அவரே இல்லை. பட்டாளத்து உடையில் தாடியோடு யாரோ. பிளக்ஸ் கடைக்காரன் போனில் தேடி முதலில் வந்த படத்தைப் போட்டிருக்கிறான். ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பது போல ஒட்டியிருந்தார்கள்.

மேடையில் மரியாதைக்கு ஒரு வரிசை உண்டு. முதல் வரிசைக்குச் சரிகைப் பொன்னாடை. அடுத்த வரிசைக்குச் சாதாப் பொன்னாடை. அப்பாவுக்குத் துண்டு. அதையும் தாளாளர் தன் கையால் போடவில்லை, மேனேஜரிடம் கொடுத்துப் போடச் சொன்னார். நான் கீழே ஆசிரியர்கள் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஆங்கில ஆசிரியை, "உங்க அப்பாவா? லக்கி மேடம் நீங்க" என்றாள்.

அப்பா மைக்கைப் பிடித்தார். சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னார். கை தட்டினார்கள். பிறகு தாளாளர் பட்டா கொடுத்தார். கதவு அகலத்துக்கு ஒரு தெர்மாகோல் அட்டை. கிரிக்கெட்டில் ஆட்ட நாயகனுக்குக் காசோலை என்று பலகை தூக்கிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. மேலே மனைப் பட்டா என்று பெரிய எழுத்து, கீழே தாளாளர் கும்பிடும் போட்டோ. அப்பா ஒரு பக்கம் பிடிக்க, தாளாளர் மறுபக்கம் பிடிக்க, போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் தாளாளர் விட்டுவிட்டார். காற்றில் அட்டை அப்பாவின் முகத்தில் அடித்தது.

"நெசப் பட்டா எங்கங்க?" என்று அப்பா கேட்டது மைக்கில் கேட்டது. கூட்டம் சிரித்தது. மேனேஜர் அவர் தோளைப் பிடித்து இறக்கினார். "வரும் பெருசு, வரும். சாப்புட்டுப் போ."

தை பிறந்தது, மாசி வந்தது, பட்டா வரவில்லை. ஒருநாள் காலனி முனையில் மேனேஜர் மேஸ்திரியோடு வந்து இரண்டு குழி வெட்டச் சொன்னார். வளைவு கட்டப் போகிறார்களாம். 'ஐயா நினைவு நகர்' என்று எழுதி. அத்தை எனக்குப் போன் செய்து சொன்னாள். அன்று எனக்கு வகுப்பு இருந்தது. விட்டுவிட்டுப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு குழிக்குள் பிளாஸ்டிக் சேர் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. மேலே மேஸ்திரியும் ஆட்களும் கம்பியைக் கட்டி வைத்துவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு மொத்தமும் சுற்றி நின்றது. ஆளாளுக்குப் போனில் படம் எடுத்தார்கள்.

"பெருசு, பேஜாரு பண்ணாத. கான்கிரீட் கலக்கி வச்சிருக்கு. இறுகிடும்," என்றார் மேனேஜர்.

"இறுகட்டும். என் மேல ஊத்து. பேரு எழுதற எடத்துல ஒரு செலையும் கெடச்ச மாதிரி ஆச்சி."

"வளைவு மொதல்ல நிக்கட்டும்யா. தெறப்பு விழாவுல தான் பட்டா."

"இன்னொரு விழாவா? அதுக்கும் வந்து விடுதலைன்னு சொல்லணுமா? ஒரு தபா சொன்னதுக்கே தொண்ட காஞ்சி போச்சிபா."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். மேனேஜர் தள்ளிப் போய்ப் போன் பேசினார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. தாளாளர்.

"மேடம், என்ன இது அசிங்கம்? வீடியோ எல்லா குரூப்லயும் வருது. எலெக்‌ஷன் நேரம். உங்க அப்பாவ எழுந்திரிக்கச் சொல்லுங்க."

"பட்டா கொண்டாங்க சார். எழுந்திருப்பார்."

"நீங்க எங்க காலேஜ்ல வேலை பாக்கறீங்க, ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். ஜூன் வரைக்கும்தான்."

அவர் போனை வைத்துவிட்டார். கூடி நின்றவர்களில் யாரோ அப்பாவுக்கு டீ வாங்கி வந்து குழிக்குள் இறக்கினார்கள். அத்தை கேப்பைக் கூழ் கொண்டுவந்தாள். ஆட்களுக்கும் ஊற்றினாள். கலக்கி வைத்த கான்கிரீட் இறுகிப் போனது. சாயங்காலம் மேஸ்திரி சட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். அப்பாவைத் தூக்கி எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கால் மரத்துப் போயிருந்தது.

மறுநாளும் போய் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். தேர்தலில் நின்ற தாளாளருக்கு எங்கள் தெரு ஓட்டும், பக்கத்துக் காலனிகளின் ஓட்டும் வேண்டியிருந்தது. குழியில் உட்கார்ந்த கிழவனின் வீடியோ அதற்கு ஆகாது. இரக்கம் என்று யாராவது நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாரமே பத்திரம் பதிய ஆட்களைக் கூட்டிப் போனார்கள். சர்வேயர் வந்து டேப் பிடித்து அளந்தார். பங்குனி முடிவதற்குள் பட்டா வந்துவிட்டது. நிஜப் பட்டா. அத்தை பெயரில் அரசாங்க வீட்டுக்கு மனு போட்டாகிவிட்டது. ஜூனில் எனக்கு ஆர்டர் வரவில்லை. இப்போது கண்டமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறேன். அங்கே மலர் போடுவதில்லை, அதற்கு வசதி இல்லை.

வளைவு மட்டும் எழுந்துவிட்டது. பட்டா வந்த பிறகு தெருவில் யாரும் தடுக்கவில்லை. நான்தான் கத்தினேன். "பேருதானம்மா, போட்டுக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். 'விடுதலை தந்த வள்ளல் ஐயா நினைவு நகர்' என்று தங்க எழுத்து. அந்த ருமேனியருக்காவது ஒரு சட்டம் எழுதிய பெருமை உண்டு. இவர்கள் எழுதியது இந்தப் பலகை.

அத்தை அந்த வளைவின் தூணில்தான் தன் வெள்ளாட்டைக் கட்டுகிறாள். பெயின்ட் அடித்த அடிப்பாகத்தை எல்லாம் ஆடு முட்டி முட்டி உரித்துவிட்டது. போன மாதம் மேனேஜர் பைக்கை நிறுத்தி, ஆட்டை அவிழ்க்கச் சொன்னாராம்.

"ஐயா பேர் போட்ட தூண் இது. ஆட்டக் கட்ற எடமா?"

"வள்ளலுன்னு நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க?" என்றாளாம் அத்தை. "ஒரு ஆட்டக் கட்டிக்க உட மாட்டாரா?"

மேனேஜர் ஆட்டைப் பார்த்தாராம், எழுத்தைப் பார்த்தாராம், பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டாராம். ஆடு அங்கேயேதான் இருக்கிறது.